கொழுந்தன் சாட்சி, அண்ணி விசாரணை

போலீஸ்மீது பொதுமக்கள் கொடுக்கும் புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்குள் சீருடையோடு ஒரு காவலர் தானாக நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. காத்திருப்பு அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இளம் காவலரோ ஒரு சாப்பாட்டு டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, "அண்ணி! டப்பாவை வச்சிட்டு வந்துட்டீங்க!" என்று உள்ளறை வரை கேட்கக் கத்தினான்.

அன்றிலிருந்து, உள்ளறையில் விசாரணை அலுவலராக இருந்த அவள் ஆணையத்தில் எல்லாருக்குமே அண்ணியாகிவிட்டாள். தலைமை எழுத்தர், காவலாளி, அவளைவிட இருபது வயது மூத்த சக விசாரணை அலுவலர் எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆணையத்தில் சேர்வதற்கு முன்னால் அவள் வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். நசுங்கிய கதவையும் உடைந்த விளக்கையும் பார்த்து, வண்டிக்காரர் சொல்வது நடந்ததா, நடக்காததா என்று கண்டுபிடிக்கும் வேலை. அது சலித்துப்போய் ஆணையத்துக்கு மனுப் போட்டபோது, கப்பலில் வேலை பார்க்கும் கணவன் தொலைபேசியில் சிரித்தான். கொழுந்தன் சிரிக்கவில்லை. அவன் நகரப் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்து அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது. மாமியார்தான் தலையில் கை வைத்தாள்.

"ஒரே வீட்டுல ஒருத்தன் போலீஸு, ஒருத்தி போலீஸைப் பிடிக்கிற ஆளு. நான் யாரு தட்டுல முதல்ல சோறு போடுறது?"

"பசிக்கிற ஆளு தட்டுல போடுங்க அத்தை," என்றாள் அண்ணி.

இப்படித்தான் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு காலையில் இரண்டு பெண்கள் புகார் கொடுக்க வந்தார்கள்.

ஒருவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். நல்ல உயரம், கனத்த குரல். ஊரில் பாதிப் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் எல்லாரும் கியர் அக்கா என்றே சொல்வார்கள். இன்னொருவர் அவரிடம் கற்றுக்கொள்ளும் தையல்காரம்மா. ஐம்பது வயதிருக்கும். அவசரத்தில் கழுத்திலிருந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கம்மா," என்றாள் அண்ணி.

"வண்டி செத்துப்போச்சு," என்றார் தையல்காரம்மா. "பெரிய சந்திப்புல பச்சை விழுந்துச்சு. கிளட்ச்சை விட்டேன், நின்னுபோச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணேன், திரும்ப நின்னுபோச்சு."

"கத்துக்கிறவங்க கையில வண்டி நிக்கத்தான் செய்யும்," என்று கியர் அக்கா குறுக்கே விழுந்தார். "பயிற்சி வண்டின்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கேன். தெருமுனையில நின்னே படிக்கலாம்."

அங்கே பணியில் இருந்த சார்ஜென்ட் நேராக வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டிருக்கிறார். தையல்காரம்மா கழுத்தில் கிடந்த நாடாவைப் பார்த்துவிட்டு, "ஊசி பிடிக்கிற கைக்கு ஸ்டியரிங் ஒரு கேடா?" என்று கேட்டிருக்கிறார். கையை உள்ளே விட்டுச் சாவியை உருவி, திரும்பிக்கூடப் பார்க்காமல் தூக்கி எறிந்திருக்கிறார். பள்ளியிலிருந்து மாற்றுச் சாவி வந்து சேரும்வரை இரண்டு பேரையும் நடுரோட்டில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார். ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம், "என்னைத் திட்டாதீங்க, இவங்களைத் திட்டுங்க" என்று கையைக் காட்டியிருக்கிறார்.

"சிரிச்சாங்கம்மா," என்றார் தையல்காரம்மா. "என் கடைக்குத் துணி குடுக்கிறவங்களும் அந்தக் கூட்டத்துல நின்னாங்க. மறுநாள் அளவெடுக்கும்போது அவங்க முகத்தைப் பாக்க முடியல எனக்கு."

"சாவி எங்க விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு, எதைப் பாக்கறது? சத்தம்தான் கேட்டுச்சு. இரும்புல பட்ட மாதிரி, ணங்குன்னு."

அண்ணி புகாரைப் பதிவு செய்துகொண்டு, சம்பவம் நடந்த மதியம் சந்திப்பில் யார் யார் பணியில் இருந்தார்கள் என்று போக்குவரத்துப் பிரிவைக் கேட்டாள். சாயந்திரத்துக்குள் பதில் வந்தது. சார்ஜென்ட்டும் ஒரு காவலரும். அந்தக் காவலர் அவளுடைய கொழுந்தன்.

அவள் எழுந்து நேராகத் தலைவர் அம்மாவின் அறைக்குப் போனாள். தலைவர் அம்மா ஒரு காலத்தில் பள்ளித் தலைமையாசிரியை. இன்னமும் யார் உள்ளே வந்தாலும், வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்பதுபோலத்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

"இந்தக் கேஸை வேற யாருக்காவது குடுத்துடுங்கம்மா. சாட்சி என் கொழுந்தன்."

"வேற யாருக்குக் குடுக்க? இருக்கிறதே நீயும் நிதானமும்தான். நிதானத்தோட மேசையில ஏற்கெனவே மலை மாதிரி கெடக்கு."

நிதானம் என்பது அந்த மூத்த அலுவலர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், அவர் முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

தலைவர் அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு தரப்புக்கிட்டயும் சொல்லிடுவோம். யாராவது ஒருத்தர் வேணாம்னா நீ விலகிக்கோ. ரெண்டு பேரும் சரின்னா நீ விசாரி. ஆனா உன் கொழுந்தனோட வாக்குமூலத்தை நிதானம் எடுப்பார், முத்திரை போட்டு என்கிட்ட குடுப்பார். நீ அதைக் கண்ணால பாக்கக் கூடாது. வீட்டுல இந்தக் கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடிவெடுக்கிற குழுவுலயும் நீ கெடையாது."

சார்ஜென்ட்டிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம தம்பியோட அண்ணியா? அப்போ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. தாராளமா விசாரிக்கட்டும்!"

கியர் அக்காவும் யோசிக்கவில்லை. "கொழுந்தனுக்குப் பயந்த அண்ணியை நான் இன்னும் பார்த்தது இல்லை. நீங்களே பண்ணுங்க," என்றார். தையல்காரம்மா தலையை ஆட்டினார்.

வீட்டில்தான் கஷ்டம். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கொழுந்தன் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, அன்னைக்குச் சந்திப்புல..."

அண்ணி சட்டென்று மிக்சியை ஓட்டினாள். அவன் நிறுத்தினான். அவளும் நிறுத்தினாள்.

"இல்ல அண்ணி, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

மிக்சி மறுபடியும் அலறியது.

"ஏம்மா, உள்ள ஒண்ணுமே இல்லாம எதை அரைக்கிற?" என்று மாமியார் கூடத்திலிருந்து கேட்டாள்.

"மிக்சி சரியா ஓடுதான்னு பாக்கறேன் அத்தை!"

மறுநாள் காலையிலும் இதே கூத்துதான். அதற்கு அடுத்த நாள் நிதானம் அவனைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார். வாங்கிவிட்டு வந்தவர் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று அண்ணி பார்த்தாள். நிதானத்தின் முகம் எப்போதும்போல வெள்ளையடித்த சுவராக இருந்தது.

ஆனால் அன்றிலிருந்து கொழுந்தன் வாயைத் திறக்கவில்லை. அடுக்களை வாசலுக்கு வரவில்லை. சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், போய்ப் படுத்தான். அவள் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கினான். பொய் சொல்லிவிட்டான் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டாள். மேலதிகாரிக்குப் பயந்திருப்பான், சின்னப் பையன், வேலை போய்விடுமோ என்று நினைத்திருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாலும் மனம் ஆறவில்லை. அவன் தட்டை மேசையில் வைக்கும்போது அவளையும் மீறி டொக்கென்று சத்தம் வந்தது.

"உப்பு வேணுமான்னு அவனைக் கேளுங்க அத்தை."

"வேணாம்னு அண்ணிகிட்ட சொல்லுங்கம்மா."

"என்னைத் தபால்காரி ஆக்காதீங்க ரெண்டு பேரும்!" என்றாள் மாமியார். "என்ன நடக்குதுன்னு எனக்கு யாராவது சொல்லப் போறீங்களா, இல்லையா?"

இருவரும் குனிந்து சாப்பிட்டார்கள்.

அலுவலகத்தில் அண்ணி சார்ஜென்ட்டின் வாக்குமூலத்தை எடுத்தாள். மனிதர் பேச்சில் கெட்டிக்காரர். அந்தச் சந்திப்பில் பல வருடங்களாக நிற்கிறவர். அவர் விசில் சத்தத்தை வைத்தே பள்ளிப் பிள்ளைகள் அவரை அடையாளம் கண்டு கையாட்டுவார்கள். பார்வையில்லாத ஒருவர் தினமும் அவர் கையைப் பிடித்துத்தான் சாலையைக் கடப்பார். இதையெல்லாம் அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். எல்லாம் உண்மைதான்.

"சாவியா? அந்தம்மா பதட்டத்துல கைதவறிப் போட்டிருப்பாங்க," என்றார் சார்ஜென்ட். "கத்துக்கிறவங்கதானே, பாவம்."

"எங்க விழுந்துச்சு?"

"நான் வண்டிகளைப் பாக்கறவன்மா. சாவியையா பாத்துக்கிட்டு நிப்பேன்?"

அவள் சந்திப்புக்குப் போய்ச் சுற்றியிருந்த கடைக்காரர்களைக் கேட்டாள். பத்திரிகைக் கடைக்காரர் அந்த நேரத்தில் குனிந்து கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாராம். பழக்கடைக்காரர் குனிந்து கூடையை நகர்த்திக்கொண்டிருந்தாராம். செருப்புக் கடைப் பெண் குனிந்து ஒரு வாடிக்கையாளருக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்த மதியம் சந்திப்பு முழுக்க ஒரே நேரத்தில் குனிந்திருந்தது போலும் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவள் இன்றைக்கு வந்துவிட்டுப் போய்விடுவாள். சார்ஜென்ட் நாளைக்கும் அங்கேதான் நிற்பார்.

வண்டி நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தாள். நசுங்கிய கதவுகளைப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. ஜன்னல் வழியாக ஒருவர் சாவியை உருவி, திரும்பாமல் பின்பக்கமாக வீசினால் எங்கே போகும்? கையை வீசிக் காட்டிப் பார்த்தாள். நடந்துபோகிறவர்கள் விலகிப் போனார்கள். அவள் கை காட்டிய திசையில், சாலை ஓரத்தில், மழைநீர் வடிகாலின் இரும்புச் சல்லடை மூடி இருந்தது.

ணங்.

மாநகராட்சி வடிகால் பிரிவுக்கு ஆணையத்திலிருந்து உத்தரவு போனது. ஒரு வெயில் நாளில் மூன்று தொழிலாளர்கள் நீளக் கொக்கியும் அள்ளுகரண்டியும் வாளியும் கொண்டு வந்தார்கள். படம் பிடிக்க நிதானமும் வந்தார். சார்ஜென்ட்டும் கொழுந்தனும் எதிர்ப்புறம் பணியில் இருந்தார்கள். சல்லடையைத் தூக்கியதும் கூட்டம் கூடிவிட்டது. இந்தத் தடவை யாரும் குனிந்திருக்கவில்லை. பத்திரிகைக் கடைக்காரர் கடையைப் போட்டுவிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

முதல் கரண்டியில் சேறு, இலை, ஒரு பொம்மையின் கை. இரண்டாவது கரண்டியில் ஒரு சாவி. சேற்றைக் கழுவினால் அதில் தொங்கிய தகட்டில் பயிற்சிப் பள்ளியின் பெயர் இருந்தது.

"கிடைச்சிருச்சு!" என்று அண்ணி குதித்தே விட்டாள். பிறகு தான் ஒரு விசாரணை அலுவலர் என்பது நினைவுக்கு வந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"இருங்கம்மா, இன்னும் ஏதோ தட்டுப்படுது," என்றார் கரண்டிக்காரர்.

அடுத்த கரண்டியில் இன்னொரு சாவி வந்தது. ஏதோ ஸ்கூட்டருடையது. அதற்கடுத்து இரண்டு, வளையத்தோடு. அப்புறம் துருப்பிடித்த ஒன்று, பூ வைத்த வளையத்தில் ஒன்று. வாளியின் அடி மறைந்துவிட்டது. கூட்டம் எக்கி வாளிக்குள் பார்த்தது. பிறகு பழக்கடைக்காரர் மெல்லச் சொன்னார்: "கைதவறி ஒரு சாவி விழலாம். ஒரு கொத்தேவா விழும்?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. எதிர்ப்புறத்தில் சார்ஜென்ட்டின் விசில் வாயிலேயே இருந்தது, சத்தம் வரவில்லை. கொழுந்தன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சந்திப்பில் சாவி தொலைத்தவர்கள் வரலாம் என்று ஆணையம் அறிவித்ததும் காத்திருப்பு அறையில் உட்கார இடமில்லாமல் போனது. தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருவர் வந்தார். சிவப்பு விழுந்ததைக் கவனிக்காமல் அரை அடி முன்னால் வந்ததற்காக அவருடைய சாவி பறந்திருந்தது. ஒரு மருத்துவச்சி வந்தார். பிரசவத்துக்குப் போகிற அவசரத்தில் ஹாரன் அடித்தாராம்.

"நான் பஸ் பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள பாப்பா வெளிய வந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கு!" என்று அவர் சொன்னபோது அறையே சிரித்தது.

கடைசியாகப் பத்திரிகைக் கடைக்காரர் வந்து அண்ணியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். சாவி எதுவும் கேட்கவில்லை. "அன்னைக்கு நான் குனியலம்மா," என்றார். "எழுதிக்கோங்க."

விசாரணை நாள் வந்தது. குழுவில் தலைவர் அம்மாவோடு ஒரு மருந்துக் கடைக்காரரும், பேருந்து ஓட்டுநர் சங்கத்திலிருந்து ஒருவரும் இருந்தார்கள். போலீஸ்காரர் யாரும் குழுவில் இருக்கக் கூடாது என்பதுதான் ஆணையத்தின் விதி. ஒரு பக்கம் கியர் அக்காவும் தையல்காரம்மாவும், இன்னொரு பக்கம் சார்ஜென்ட், பின் வரிசையில் கொழுந்தன். அண்ணி சுவரோரமாக உட்கார்ந்து தான் கண்டெடுத்ததைச் சொன்னாள். சாவிகள் மேசைமேல் கிடந்தன.

"இப்போ காவலரோட வாக்குமூலம்," என்று தலைவர் அம்மா உறையைக் கிழித்தார். "வடிகாலைத் திறக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி எடுத்தது." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"சாவியை எறிந்தது சார்ஜென்ட்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இது முதல் தடவை இல்லை. வேண்டாம் சார் என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், சொன்னதில்லை. அந்தம்மா அழுததைப் பார்த்துக்கொண்டு நான் போக்குவரத்தைச் சரிசெய்வதுபோல நடித்தேன். அதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் தன் தொப்பியின் உள்பக்கத்தை ஏதோ புதிதாகப் பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்ட முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு அத்தனை நாளும் அதே சார்ஜென்ட்டின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறான்.

சார்ஜென்ட்டும் திரும்பினார். "நீயா சொன்ன தம்பி?"

"கேட்டாங்க சார். சொன்னேன்."

சார்ஜென்ட் மேசைமேல் கிடந்த சாவிகளைப் பார்த்தார். பிறகு பேசினார். அந்தக் கெட்டிக்காரப் பேச்சு இப்போது அவரிடம் இல்லை.

"முதல் தடவை கோவத்துலதான் எறிஞ்சேன். ஒரு பையன் எதிர்த்துப் பேசினான். எறிஞ்சதும் சந்திப்பே அடங்கிப்போச்சு. அந்த அமைதி ருசியா இருந்துச்சு. அப்புறம் கோவமே இல்லாமயும் எறிய ஆரம்பிச்சிட்டேன்." நிறுத்தினார். "அம்மா, தப்புதான்."

வெளியே தாழ்வாரத்தில் அண்ணி கொழுந்தனை மடக்கினாள்.

"ஏன் தம்பி எங்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே?"

"நானா? எங்க அண்ணி பேச விட்டீங்க? முதல்ல சொல்ல வந்தா மிக்சியைப் போட்டீங்க. அப்புறம் நிதானம் சார், வீட்டுல மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிச்சார். அவர் அதைச் சொல்லி முடிக்கவே அரை மணி நேரமாச்சு. சரின்னு வாயை மூடிக்கிட்டா நீங்க தட்டை டொக்குன்னு வைக்கிறீங்க. போலீஸைப் பிடிக்கிறவங்க வீட்டு ஆளுன்னு ஸ்டேஷன்ல எவனும் எனக்கு டீ குடுக்கறது இல்லை. வீட்டுல உப்பு குடுக்கறது இல்லை. நான் எங்கதான் போறது?"

அண்ணி சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுடு தம்பி, நான் தப்பா நினைச்சுட்டேன்," என்றாள். "ஐயோ, அழாதீங்க அண்ணி, யாராவது பார்த்தா உங்களையும் நான் ஏதோ பண்ணிட்டேன்னு புகார் குடுத்துடுவாங்க," என்றான் அவன்.

குழுவின் முடிவு வந்தது. சார்ஜென்ட்டுக்கு ஒரு படி பதவி இறக்கம், ஒரு வருடம் சாலைப் பணி கிடையாது. சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரர்கள் எல்லாருடைய சட்டையிலும் கேமரா. போலீஸ் தலைமையகம் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டது. மன்னிப்பு மட்டும் பாக்கி. ஆணையத்தின் அறையில் வைத்துக் கேட்கலாம் என்றார்கள். தையல்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அசிங்கப்படுத்தினது ரோட்டுல. மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டா?" என்றார்.

தலைவர் அம்மா சார்ஜென்ட்டைப் பார்த்தார். "உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை."

சார்ஜென்ட் மீசையைத் தடவினார். "வர்றேன்மா," என்றார்.

அப்படியாக ஒரு மதியம் அவர் சாதாரணச் சட்டையில் அந்தச் சந்திப்புக்கு வந்து நின்றார். நான்கு பக்கமும் கொழுந்தன் வண்டிகளை நிறுத்தினான். என்ன ஏது என்று தெரியாமல் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். தெரிந்தவர்கள் அவர்களை அடக்கினார்கள். கடைகளில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாமியாரும் காய்கறிப் பையோடு பத்திரிகைக் கடை ஓரத்தில் நின்றாள்.

"இந்த இடத்துல இந்த அம்மாவை நான் கேவலமாப் பேசினேன்," என்றார் சார்ஜென்ட். விசில் அடித்துப் பழகிய நெஞ்சு, குரல் நாலு பக்கமும் கேட்டது. "சாவியைப் பிடுங்கி எறிஞ்சேன். உங்களைச் சிரிக்க வச்சேன். அவங்க தப்பு எதுவும் பண்ணல. நான்தான் பண்ணேன். மன்னிச்சுடுங்கம்மா."

தையல்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். சந்திப்பே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி," என்றார். "மன்னிச்சாச்சு. இனிமே யாருக்கும் பண்ணாதீங்க." பிறகு அவர் கண் சார்ஜென்ட்டின் தோளில் போய் நின்றது. "யாரு தச்ச சட்டை இது? தோள்பட்டை ரெண்டு விரல் கீழ தொங்குது. கடைக்கு எடுத்துட்டு வாங்க, சரி பண்ணித் தர்றேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சார்ஜென்ட் தோளைத் தொட்டுப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கியர் அக்கா, "போதும் போதும், ஜனங்க வேலைக்குப் போகணும்," என்று போலீஸ்காரரை மிஞ்சும்படி கையை வீசினார். கொழுந்தன் விசில் ஊதினான், வண்டிகள் புறப்பட்டன.

மாமியார் அண்ணியின் கையைப் பிடித்து டீக்கடை பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கேஸ் முடிஞ்சிருச்சுல்ல? இப்பவாவது வாயைத் திற. ஒண்ணு விடாமச் சொல்லணும்."

அண்ணி இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.